கழுத்தளவு

தங்கைக்கு,

உன் மகளின் மஞ்சள் நீராட்டு முடிந்து ஒன்பது நாள் ஆகிறது. ரெட்டிபாளையத்திலிருந்து திருமானூருக்குத் தாய்மாமன் சீர் கொண்டுவந்தவன் ஏன் சாப்பிடாமல் பஸ் ஏறினான் என்று கேட்க உனக்கு இன்னும் நேரம் கிடைக்கவில்லை.

சீர்த்தட்டில் உன் மகளுக்கு நான் வைத்த அந்தக் கழுத்தணியைச் செய்ய நான்கு மாதம் ஆனது. எவர்சில்வர் கம்பியை ஆணியில் சுற்றி, வளையங்களாக வெட்டி, இரண்டு குறடு பிடித்து ஒன்றோடொன்று கோத்து மூடினேன். முடிந்தபோது துணிபோல் மடிந்தது. தங்கம் வாங்க வக்கில்லாமல் அல்ல. வேறு யாரும் தர முடியாததைத் தர நினைத்தேன்.

உன் கணவர் அதைத் தூக்கிப் பிடித்து, "எம்மெஸ்சி படிச்ச மச்சான் நாய்ச்சங்கிலி கொண்டாந்திருக்காரு, பாருங்கப்பா!" என்றார். பந்தலே சிரித்தது. அவரிடம் நான் வேறெதையும் எதிர்பார்த்ததில்லை.

பிறகு உன் பக்கம் திரும்பி, "ஒனக்குத் தெரியுமாடி?" என்றார்.

"எனக்கென்னங்க தெரியும்?" என்றாய்.

நூலால் உன் மகளின் கழுத்தை அளந்து, பதினான்கு அங்குலம் என்று போனில் சொன்னவள் நீ.

நான் செருப்பு மாட்டும்போது பிள்ளை ஓடிவந்தாள். கையில் அந்தக் கழுத்தணி இருந்தது.

"மாமா, இத நீங்களேவா செஞ்சீங்க?"

ஆசையாகத்தான் கேட்டாள். ஆனால் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இல்ல பாப்பா, கடையில வாங்குனது" என்று சொல்லிவிட்டேன். அவள் கை தாழ்ந்துவிட்டது.

உண்மையை நீ அவளிடம் சொல்லலாம். சொல்ல மாட்டாய்.

உன் உடன்பிறந்தவன்