நாலாவது காரணம்

செட்டிபாளையம்,
1938 தை மாதம் 22ஆம் திகதி.

என் வீட்டுக்குரியவர் அவர்களுக்கு இரத்தினம்மா மரியாதையுடன் எழுதிக்கொள்வது.

இங்கே அம்மா, அண்ணன், நான் எல்லோரும் சுகம். திருகோணமலையில் உங்கள் சுகம் எப்படி என்று மிஷன் பள்ளிக்கூட மனேச்சர் துரைக்குத் தெரிந்திருக்கும், எங்களுக்குத் தெரியாது. கலியாணம் முடித்த நாளிலிருந்து ஒரே வீட்டில் இருந்தபடியால் உங்களுக்கு நான் கடிதம் எழுதியதே இல்லை. எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் இரண்டு தாளைக் கிழித்துப் போட்டேன். உங்களுக்கு ஒரு செய்தி இருக்கிறது. அதைக் கடைசியில்தான் எழுதுவேன். முதலில் எழுதினால் அதை மட்டும் படித்துவிட்டு மற்றதை மடித்து வைத்துவிடுவீர்கள். உங்களை எனக்குத் தெரியும்.

மார்கழி மழை இந்த முறை விடாமல் அடித்தது. வாவி நிரம்பி நம் தோட்டத்து வேலி வரை தண்ணீர் வந்து போனது. படுவான்கரையில் அண்ணனின் வெள்ளாண்மை தப்பிவிட்டது. கதிர் தள்ளத் தொடங்கியிருக்கிறது. சிவலைப் பசு கன்று போட்டிருக்கிறது. நீங்கள் அண்ணனுக்குப் போட்ட தபால் அட்டையும் வந்தது. புத்தகங்களையும் கறுப்புக் கோட்டையும் அனுப்பச் சொல்லி எழுதியிருந்தீர்கள். அட்டையை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தேன். என் பெயர் ஒரு மூலையிலும் இல்லை. கோட்டை வெயிலில் போட்டுத் தட்டி மடித்து வைத்திருக்கிறேன். அனுப்ப மாட்டேன். வேண்டுமானால் வந்து எடுங்கள்.

துறையில் தோணி விடும் ஆதம்பாவாக் காக்கா நேற்றும் வந்து, வாத்தியார் எப்போது வருவார் என்று அண்ணனிடம் கேட்டார். உங்களைப் பொலிஸ் பிடித்த அன்று நடந்ததை எல்லாம் கண்ணால் கண்டவர் அவர்தான். நீங்கள் எனக்குச் சொல்லாததை அவர் வாயால் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

கார்த்திகையில் கள்ளுத் தவறணைச் சண்டையில் ஒருவனுக்குக் கத்திக்குத்து விழுந்த அன்று, பொழுதுபடும் நேரம் பொலிஸ் துறையை மறித்துக்கொண்டு தோணியால் இறங்கியவர்களை எல்லாம் சோதித்ததாம். கத்தி இல்லாத ஆள் அங்கே யார்? வெள்ளாண்மைக்காரனின் மடியில் ஒன்று, வலைக்காரனின் இடுப்பில் ஒன்று. அவரவர் காரணத்தைச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். ஆதம்பாவாக் காக்காவிடமும் ஒரு வில்லுக்கத்தி இருந்தது. பொண்டாட்டி புள்ளத்தாச்சியா இரிக்கா ஐயா, பொழுதுபட்டா இரும்பில்லாம வாசல மிதிக்க ஏலா என்று அவர் சொன்னாராம். சார்ஜன் சிரித்துவிட்டு, தன் வீட்டிலும் அதே கரைச்சல்தான் என்று சொல்லிக் கத்தியைத் திருப்பிக் கொடுத்தாராம். அடுத்ததாக நின்றவர் நீங்கள்.

உங்கள் சட்டைப் பையில் இருந்த வில்லுக்கத்தியை எடுத்து, எதற்கு இது என்று சார்ஜன் கேட்டார். பென்சில் சீவ என்றீர்கள். புத்தகப் பையைக் கொட்டிப் பார்த்தால் மைப்பேனா இருக்கிறது, பென்சில் இல்லை. பிறகு மாம்பழம் வெட்ட என்றீர்கள். கார்த்திகை மாரியில் எந்த மரத்தில் மாம்பழம் கிடந்தது? கடைசியில் பாக்கு வெட்ட என்றீர்கள். வெற்றிலையைத் தொட்டே அறியாத உங்கள் பல்லை லாந்தரைத் தூக்கிப் பார்த்துவிட்டு, மூன்றையும் அவர் எழுதிக்கொண்டார். உங்களுக்கு முன்னால் நின்றவர் சொன்ன காரணம்தான் உங்களுடையதும். அதைச் சொல்லியிருந்தால் அன்றைக்குச் சோறு ஆற முன் வீட்டில் இருந்திருப்பீர்கள். ஆனால் அதே தோணியில் வந்த மிஷன் உபதேசியார் பக்கத்தில் நின்றார். பேய் பிசாசு ஒன்றும் இல்லை என்று பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிற நல்லரத்தினம் வாத்தியார் அவருக்கு முன்னால் அதை எப்படிச் சொல்வார்?

குத்துப்பட்டவன் ஆஸ்பத்திரியில் கண் விழித்து, குத்தியது வேறு ஆள் என்று சொன்ன பிறகும் உங்களை விடவில்லை. மூன்று காரணம் சொன்னவனிடம் நாலாவது ஒன்று இருக்கும், அது நல்லதாக இராது என்று பொலிஸ் நினைத்தது. கத்தி கொண்டு திரிந்த வழக்கு அப்படியே நின்றது. மறியல் சிறையில் அண்ணன் வந்து பார்த்தபோது, இரத்தினம்மாவைக் கோர்ட்டுப் பக்கம் வரவிட வேண்டாம் என்று சொல்லி அனுப்பினீர்கள். நான் கேட்கவில்லை. ஏழு மாத வயிற்றோடு மாட்டு வண்டியில் மட்டக்களப்புக்கு வந்தேன்.

சாட்சிக் கூண்டில் ஏறிச் சத்தியம் பண்ணிச் சொன்னேன். அந்தக் கத்தி என்னுடைய வேலை ஐயா. எனக்கு இரண்டு பிள்ளைகள் தங்கவில்லை. ஒன்று வயிற்றிலேயே போனது, மற்றது பிறந்து மூன்றாம் நாள் போனது. பள்ளிக்கூடம் முடிந்து வாவியைக் கடந்து சுடலைப் பக்கத்தால் இருட்டில் வருகிறவர் இரும்பு இல்லாமல் வந்தால், பின்னால் ஏதும் கூட வந்துவிடும் என்று நான்தான் பயந்தேன். அவர் படித்தவர், அவருக்கு இதில் நம்பிக்கை இல்லை. என் தொல்லை தாங்காமல் வைத்துக்கொண்டு வருகிறார் என்றேன். கோர்ட்டு முதலியார் அதை இங்கிலீஷில் சொல்ல, நீதவான் துரை சிரித்தார். அவர் சிரித்தபடியால் வழக்குப் பேசும் பிறக்கிராசிமாரும் பொலிசாரும் சிரித்தார்கள். எதிர்க் கூண்டில் நின்ற நீங்களும் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தீர்கள். நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். அதைச் சாகும்வரை மறக்க மாட்டேன்.

கத்தியைக் கோர்ட்டு எடுத்துக்கொண்டது, உங்களை எச்சரித்து வெளியே விட்டார்கள். வாசலில் வைத்து, மனேச்சர் துரையைக் கண்டுவிட்டு நாளைக்கு வருகிறேன், நீ அண்ணனோடு போ என்றீர்கள். அந்த நாளை இன்னும் வரவில்லை.

துரையின் பங்களாவில் நடந்ததை உபதேசியாரின் பெண்சாதி வந்து சொன்னாள். எல்லாம் பெண்சாதியின் மூடத்தனம், எனக்கு அதில் பங்கில்லை, அந்த வீட்டை விட்டுத் தூரமாக எனக்கு மாற்றம் தாருங்கள் என்று துரையிடம் கேட்டீர்களாம். சொல்லும்போது அவளுக்கே முகம் ஒரு மாதிரிப் போய்விட்டது. யோசித்துப் பார்த்தால் நான் கோர்ட்டில் சொன்னதைத்தான் நீங்களும் அங்கே சொல்லியிருக்கிறீர்கள். உங்களை வெளியே எடுக்க நான் சொன்னேன். உத்தியோகத்தைக் காப்பாற்ற நீங்கள் சொன்னீர்கள். அது பொய் என்று தெரிந்தவர்கள் நாம் இரண்டு பேர்தான்.

மூன்று நாள் பிள்ளையைப் புதைத்துவிட்டு வந்த கிழமை, காத்தான்குடியில் ஹமீட்டின் கடையில் அந்தக் கத்தியை வாங்கியது யார்? நான் கேட்டேனா, அம்மா கேட்டாரா? நீங்களாகவே வாங்கி வந்தீர்கள். ஏன் என்று கேட்டதற்கு, சும்மா இருக்கட்டும் என்றீர்கள். எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. நான் மறுபடி முழுகாமல் இருக்கிறேன் என்று தெரிந்த நாளிலிருந்து அது உங்கள் பையை விட்டு இறங்கவில்லை. ஒரு நாள் நம் வேலிப் படலை வரை வந்த பிறகுதான், அதைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டது உங்களுக்கு ஞாபகம் வந்தது. உள்ளே வராமல் திரும்பிப் போய், துறையில் ஆதம்பாவாக் காக்காவின் வாடியில் படுத்துக் கிடந்துவிட்டு விடிந்த பிறகு வந்தீர்கள். நம்பிக்கை இல்லாத மனிதர் செய்கிற வேலையா அது? பயந்தது நீங்கள். எனக்காகவும் பிள்ளைக்காகவும் பயந்தீர்கள். அதில் என்ன வெட்கம் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. அதை நான் கோர்ட்டில் சொல்லவில்லை. அம்மாவிடமும் சொல்லவில்லை. ஊரார் என்னைப் பேய்க்குப் பயந்தவள், புருஷனின் வேலைக்கு உலை வைக்கப் பார்த்தவள் என்று பேசுகிறார்கள். பேசட்டும்.

பல நாள் உங்களை மனத்துக்குள் வாய்க்கு வந்தபடி திட்டுகிறேன். சில நாள் வேறு மாதிரியும் யோசனை போகும். உத்தியோகம் ஒரு சாட்டுத்தான், கத்தி இல்லாமல் வந்தால் இந்தப் பிள்ளைக்கும் ஏதும் ஆகிவிடும் என்று பயந்துதான் அங்கே போய் இருக்கிறாரோ? இன்னொரு கத்தி வாங்கலாம் என்றால், மறுபடி பொலிஸ் கேட்கும்போது சொல்ல அவரிடம் ஒரு காரணமும் மிச்சம் இல்லையே என்று நினைப்பேன். எது உண்மை என்று நீங்களே அறிவீர்கள். எதுவாக இருந்தாலும் நான் இன்னும் மன்னிக்கவில்லை. அதையும் எழுதிவிடுகிறேன்.

இனிச் செய்தி. தை முதற் கிழமையில் நமக்குப் பெண் பிள்ளை பிறந்திருக்கிறாள். அம்மா வழக்கப்படி தலைமாட்டில் வைக்க இரும்பு கொண்டு வந்தார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அம்மா அழுதார், அண்ணன் ஏசினான். எனக்கும் பயம்தான். ஆனாலும் வைக்க விடவில்லை. வைத்து அவள் பிழைத்திருந்தால் நீங்கள் ஆயுளுக்கும் அந்த இரும்பை விட மாட்டீர்கள். ஒன்றும் வைக்காமல் பிழைத்தாள் என்று உங்களுக்கு எழுத வேண்டும் என்று நினைத்தேன். மூன்றாம் நாள் முழுவதும் அவள் நெஞ்சில் கை வைத்தபடியே இருந்தேன். நாலாம் நாள் விடிந்ததும் பாலுக்கு அழுதாள். அழுகை அடுத்த வளவு வரை கேட்டது. இன்றைக்கும் அப்படித்தான் அழுகிறாள். மூக்கு உங்களுடையது.

பெயர் இன்னும் வைக்கவில்லை. பிள்ளை பெற்ற துடக்குக் கழிவதற்குள் வாருங்கள். பகல் தோணி தவறிவிட்டால் துறையில் படுத்துக் கிடந்து விடியப் பார்க்க வேண்டாம். பொழுதுபட்டாலும் பரவாயில்லை, எந்த நேரமானாலும் நேரே வீட்டுக்குள் வாருங்கள்.

உங்கள் கடவுளோ என் கடவுளோ, காது கொடுக்கிறவர் யாராக இருந்தாலும் உங்களைச் சுகமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் பெண்சாதி
இரத்தினம்மா