லட்டுப் படையலும் என் காலும்

என் ஆசை அண்ணாத்தே,

நீ போய் ஒரு வருஷம் ஆச்சு. போன வாரம் பட்டாபிராம் வீட்டில் உனக்குத் திதி கொடுத்தோம். சர்க்கரையில் கால் அழுகியே போய்ச் சேர்ந்தவனின் படத்துக்கு முன்னால் இலை போட்டு என்ன வைத்தார்கள் தெரியுமா? ரவா லட்டு, ஜாங்கிரி, அதிரசம். உனக்குப் பிடிச்சதாம்.

என் சேதி உனக்குத் தெரியாது. நீ போன கையோடு எனக்கும் சர்க்கரை வந்துவிட்டது. நம் குடும்பச் சொத்தில் பெண்பிள்ளைக்குப் பங்காகக் கிடைத்தது இது ஒன்றுதான். காலையில் பாகற்காய்ச் சாறு; குடித்து முடித்தால் அடுத்த வீட்டுக்காரி முகம்கூட இனிப்பாகத் தெரிகிறது. அப்புறம் தொப்பையைப் பிடித்து ஊசி. இவ்வளவு காலம் அதை எதற்கு வளர்த்தேன் என்று இப்போதுதான் புரிகிறது. கடைசியாகக் கைக்கண்ணாடியைத் தரையில் வைத்துப் பாதத்தில் புண் உண்டா என்று பார்க்கவேண்டும். இந்த வயசில் கண்ணாடி முன் உட்கார்ந்தால் தெரிவது வெடித்த குதிகால். த்தூ.

ஆனாலும் பார்க்கிறேன். நீ சாக்ஸுக்குள் புண்ணை மறைத்துக்கொண்டு, பரணில் எலி செத்து நாறுகிறது என்றவன். நாங்களும் பரணைக் கழுவினோமே, மடச்சாம்பிராணிகள்.

திதியன்று சித்தி லட்டோடு வந்தாள். "இன்னாடி, அண்ணன் பேரச் சொல்லி ஒண்ணு துன்னு. பாசத்துக்குப் போயி சக்கர ஏறுமா?"

வேண்டாம் என்றேன். உன் மனசு நோகும் என்றாள். கூடியிருந்த எல்லோரும் என் வாயையே பார்த்தார்கள். மறுத்தால் உன்மேல் பாசமில்லாதவள் ஆகிவிடுவேன். அண்ணே, நானும் கையை நீட்டிவிட்டேன்.

அப்போது அண்ணி எழுந்து வந்து லட்டைப் பிடுங்கினாள்.

"அந்தக் காலுக்குக் கட்டு மாத்துனவ நானு. புழுவப் பொறுக்குனவ நானு. இன்னொரு கால என்னால பாக்க முடியாது."

சித்தி முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். அண்ணி என்னைக் கூடத்திலேயே உட்காரவைத்து, என் பாதத்தை மடியில் எடுத்து, விரல் இடுக்கெல்லாம் பிரித்துப் பார்த்தாள். எனக்கே அருவருப்பாக இருந்தது. அவளுக்கு எப்படி இல்லை?

சுண்டுவிரலுக்கடியில் ஒரு கொப்புளம். வலியே இல்லை, கண்ணாடிக்கும் தப்பியிருக்கிறது. மறுநாளே ஆவடி டாக்டரிடம் இழுத்துப் போனாள். ஆறிக்கொண்டு வருகிறது.

பார்க்கச் சகிக்காத பாதம்தான். ஆனால் ரெண்டு இருக்கிறது. உன்னிடம் வரும்போது ரெண்டையும் கொண்டுவருவேன், அண்ணி மேல் சத்தியம். அவசரப்பட்டுக் கூப்பிடாதே.

நடந்தே வரப்போகும்
உன் தங்கச்சி