அரிசிக்குள் ஒரு முடிச்சு

குன்சான்
1991 அக்டோபர் 2

அன்புத் தம்பி ஜுன்-மோவுக்கு அக்கா ஓக்-புன் எழுதுவது.

கர்த்தருடைய கிருபையால் இங்கே நானும் அப்பாவும் சுகம். நீ கடிதம் போட்டு மாதம் ஒன்று ஆகிறது. குவாங்ஜுவில் தபால்பெட்டியை எல்லாம் பிடுங்கிவிட்டார்களா?

என்னைப் பெண் கேட்டிருந்த தே-சிக் வீட்டார் வந்து பேசி முடித்துவிட்டார்கள். டிசம்பரில் நம் சபையிலேயே திருமணம். மூப்பர் குடும்பத்துச் சம்பந்தம் என்பதால் அப்பாவுக்குத் தரையில் கால் பாவவில்லை. எல்லாம் பேசி எழுந்திருக்கும்போது தே-சிக்கின் அம்மா, "உங்க வீட்டுல யாருக்கும் நோய்நொடி எதுவும் கெடையாதே?" என்று கேட்டார். அப்பா கண்ணைக்கூட இமைக்காமல், "கர்த்தர் கிருபையில ஒண்ணும் இல்லீங்க" என்றார். நான் ஏந்தி நின்ற தேநீர்த் தட்டில் கோப்பைகள் கலகலவென்று ஆடின. நல்லவேளை, நான் வெட்கப்படுகிறேன் என்று நினைத்துக்கொண்டார்கள்.

இந்த நேரத்தில் நீ கல்லூரிச் சபைப் பிள்ளைகளோடு ஜிரிசான் மலைக்குப் போகிறாயாம். பக்கத்து வீட்டுத் தொலைபேசியில் அப்பாவிடம் சொன்னாயாமே. போகாதே என்றால் கேட்கவா போகிறாய்? இந்தப் பொட்டலத்தில் அரிசி இருக்கிறது. அதன் நடுவே உன் வலிப்பு மாத்திரைகளை மெழுகுத் துணியில் முடிந்து வைத்திருக்கிறேன். அப்படியே கொண்டு போ. அரிசிப் பைக்குள் யாரும் கை விட்டுத் துழாவ மாட்டார்கள். காலையும் மாலையும் ஆள் பார்க்காமல் போட்டுக்கொள்.

உன் நோய் வெளியே தெரிந்தால் எனக்குக் கல்யாணம் இல்லை என்று நான் சொல்லவில்லை. அப்பா சொல்கிறார். கூட வைத்திருக்கும் நெத்திலிக் கருவாட்டை எல்லாருக்கும் வாரிக் கொடுத்துவிடாதே.

உன் அக்கா
ஓக்-புன்


குவாங்ஜு
அக்டோபர் 9

அன்புள்ள அக்கா,

பொட்டலம் வந்தது. நெத்திலியை என் அறைத்தோழன் இன்-ஹோ ஒரே இரவில் தீர்த்துவிட்டான். கேட்டதற்கு, "உங்க அக்கா அனுப்புனா நமக்குத்தானே அனுப்புனாங்க?" என்கிறான். வாய்தான் அப்படி, மனசு தங்கம்.

நான் யாரிடமாவது சொல்லிவிடுவேனோ என்று நீ பயப்பட வேண்டாம். உன்னைவிட எனக்குத்தான் பயம் அதிகம். பன்னிரண்டு வயதில் நோய் தீர்க்க அப்பா என்னை ஜெப மலைக்குக் கூட்டிப் போனாரே, மறந்திருக்க மாட்டாய். நாலு பேர் என் கையையும் காலையும் பாயோடு அழுத்திக்கொண்டு, எனக்குள் இருக்கும் பிசாசை வெளியே வரச் சொல்லிக் கத்தினார்கள். கதவுக்கு வெளியே நீ அழுதது எனக்குக் கேட்டது. இன்றும் சபையில் எல்லாரும் சேர்ந்து சத்தமாக ஜெபிக்கத் தொடங்கினால் என் முழங்கால் தானாக ஆடுகிறது. கர்த்தரை நம்புகிறேன், அக்கா. அவருடைய ஆட்களைப் பார்த்தால்தான் பயமாக இருக்கிறது.

அப்புறம் ஏன் போகிறாய் என்பாய். எப்போதும் சாக்குச் சொல்லிப் பின்தங்குகிறவனாகவே இருந்து அலுத்துவிட்டது.

எங்கள் குழுவில் ரகசியத் தோழர் என்று ஒரு வழக்கம் உண்டு. கிளம்புவதற்கு முன் சீட்டுக் குலுக்கி ஆளுக்கொரு பெயர் எடுப்போம். நம் சீட்டில் யார் பெயர் வருகிறதோ அவருக்கு, அவர் அறியாமல் உதவ வேண்டும். மலையில் என்றால், காலையில் அவர் முகம் கழுவப் போகும்போது அவர் பையிலிருந்து கனமான ஒன்றை எடுத்து நம் பையில் போட்டுச் சுமக்க வேண்டும். மாலையில் திருப்பி வைத்துவிடலாம். பறிகொடுத்தவர் தேடவோ கேட்கவோ கூடாது. கேட்டால் எல்லாரும் சேர்ந்து கேலி செய்தே கொன்றுவிடுவார்கள். உன் திருமணத்துக்கு ஒரு பெட்டி ஆப்பிளோடு வருவேன்.

தம்பி
ஜுன்-மோ


குன்சான்
அக்டோபர் 14

ஜுன்-மோ,

நலம் விசாரிக்கக்கூட மனம் ஓடவில்லை. உன் அறைத்தோழன் இன்-ஹோ யார் தெரியுமா? தே-சிக்கின் சித்தப்பா மகன். நேற்று ஆராதனை முடிந்ததும் அவன் பெரியம்மா, தே-சிக்கின் அம்மாவே சொன்னார். "ரெண்டு பேரும் ஒண்ணா மலைக்குப் போறாங்களாமே!" என்று என் தோளைத் தட்டிச் சிரித்தார்.

அது என்ன வழக்கம், அடுத்தவர் பையில் கை வைப்பது? உன் பையை யாரும் தொட விடாதே. தூங்கும்போதும் தலைக்கு வைத்துக்கொள். முடியாது என்றால் காய்ச்சல் என்று சொல்லித் திரும்பி வந்துவிடு. நான் ஒரு வாரமாக ஒழுங்காகத் தூங்கவில்லை. கண்ணை மூடினால் நீ பாறையிலிருந்து விழுகிறாய்.

அக்கா


குவாங்ஜு
அக்டோபர் 23

அக்கா,

உயிரோடு இருக்கிறேன். அதை முதலில் எழுதிவிடுகிறேன். புருவத்தில் தையல், அவ்வளவுதான். இனி நிதானமாகப் படி.

முதல் நாள் இரவு நோகோதான் குடிலில் தங்கினோம். நீ சொன்னபடி பையைத் தலைக்கு வைத்துத்தான் தூங்கினேன். மறுநாள் காலை மாத்திரையைப் போட்டுவிட்டுக் கைகழுவப் போனேன். வந்து பையைத் தூக்கினால் பஞ்சு மாதிரி இருக்கிறது. அரிசியைக் காணோம். யாரோ என் மேல் இரக்கப்பட்டு இருப்பதிலேயே கனமானதை எடுத்திருக்கிறார்கள். இருபது பேரில் யாரிடம் போய் என்ன கேட்பேன்? மாலையில் வந்துவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு நடந்தேன்.

மதியத்துக்கு மேல் மழையும் மூடுபனியும் சேர்ந்துகொண்டன. வேகமாக நடந்தவர்கள் எங்களைக் கூட்டிப் போன உபதேசியாரோடு யோன்ஹாசோன் குடிலுக்குப் போய்விட்டார்கள். பின்தங்கிய நாங்கள் ஏழு பேர் பாதிவழியில் பேம்சகோல் குடிலில் மாட்டிக்கொண்டோம். அரிசி எங்களிடம் துளிகூட இல்லை. இன்-ஹோ உலர்ந்த நூடுல்ஸை நொறுக்கி ஆளுக்கு ஒரு கை கொடுத்து, "இன்னைக்கு உபவாசம்னு நெனச்சுக்கங்க, புண்ணியமாவது மிஞ்சும்" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நான் என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன், துடிக்கிறதா என்று. இன்-ஹோ பக்கத்தில்தான் படுத்திருந்தான். சொல்லிவிடலாம் என்று வாய்வரை வந்தது. உன் கோப்பைகள் ஆடிய சத்தம் நினைவுக்கு வந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

காலையில் மாத்திரை இல்லாமலே கிளம்பினேன். இடதுபக்கம் சரிவு. கீழே பனிதான் தெரிந்தது, ஆழம் தெரியவில்லை. நாக்கில் இரும்புச் சுவை வந்தது. அது வந்தால் என்ன வரும் என்று உனக்குத் தெரியும். சரிவின் பக்கம் விழக் கூடாது என்று வலதுபக்கப் பாறையைக் கட்டிப்பிடித்தது வரைதான் நினைவிருக்கிறது.

நினைவு திரும்பும்போது என் மேல் நிறையக் கைகள் இருந்தன. நான் பன்னிரண்டு வயதுக்குப் போய்விட்டேன், அக்கா. "விட்டுருங்க! எனக்குள்ள பிசாசு இல்ல, விட்டுருங்க!" என்று அலறியிருக்கிறேன்.

"எந்தப் பிசாசுடா? மழை பெய்யுது, ஜாக்கெட் போட்டு விடுறோம். கையை நீட்டு" என்றான் இன்-ஹோ. அவன் முகம் வெளுத்துப்போயிருந்தது. என்னை ஒருக்களித்துப் படுக்கவைத்து, தன் துண்டை மடித்துத் தலைக்கடியில் கொடுத்திருந்தான். யாரும் கத்தவில்லை. ஒருத்தி மட்டும் என் கால் பக்கம் உட்கார்ந்து சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தாள்.

கொஞ்ச நேரத்தில் எதிர்ப்பக்கமிருந்து உபதேசியாரும் சொங்-ஐயும் பனிக்குள்ளிருந்து வந்தார்கள். சொங்-ஐ என்பவள் தாதிப் படிப்பு முதலாண்டு, குழுவிலேயே குட்டையான பெண். அவள்தான் என் ரகசியத் தோழி. அவள் கையில் உன் மெழுகுத் துணி முடிச்சு இருந்தது. என்னைப் பார்த்ததும் திட்டத் தொடங்கிவிட்டாள்.

"அரிசி களையும்போது கையில தட்டுப்பட்டுச்சு. வெறும் காய்ச்சல் மாத்திரைன்னா எவனாவது அரிசிக்குள்ள ஒளிச்சு வைப்பானா? நீ எவ்ளோ பயந்திருந்தா இப்படி வச்சிருப்பேன்னு நெனச்சேன். அப்பவே கெளம்பினேன், உபதேசியாருதான் இருட்டுல விடமாட்டேன்னுட்டாரு. ராத்திரி பூரா ஒக்காந்தே இருந்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தா உன் பையில கையே வச்சிருக்க மாட்டேனே, மடையா!"

திட்டிவிட்டு, நான்தான் செய்தேன், நான்தான் செய்தேன் என்று அழுதாள். உபதேசியார் எத்தனை மாத்திரை என்று மட்டும் கேட்டு, தண்ணீர்க் குப்பியைத் திறந்து நீட்டினார். என் தலையில் கை வைப்பாரோ என்று பயந்து ஒதுங்கினேன். புரிந்துகொண்டவர் போலக் கையைத் தன் மடியிலேயே வைத்துக்கொண்டு, தரையைப் பார்த்தபடி மெதுவாக ஜெபித்தார். முதல் தடவையாக என் முழங்கால் ஆடவில்லை.

என்னால் நடக்க முடியவில்லை. கீழ்ச்சாலை வரை மாற்றி மாற்றிச் சுமந்தார்கள். அதிகம் சுமந்தவன் இன்-ஹோதான். வழியில் மூச்சு வாங்கிக்கொண்டே, "உங்க அக்கா கல்யாணத்துக்காகத்தானே மறைச்சே? பெரியம்மா காதுக்கு என் மூலமாப் போகாது. கேட்டா வழுக்கி விழுந்தான்னு சொல்லிடறேன். போதுமா? இப்ப கழுத்தை நெரிக்காம ஒழுங்காப் பிடிச்சுக்கோ" என்றான்.

அவன் சொன்னால் சொன்னதுதான், அக்கா. நீ பயப்படாதே. உன் திருமணம் நடக்கும்.

தம்பி
ஜுன்-மோ


குன்சான்
அக்டோபர் 30

என் கண்ணே ஜுன்-மோ,

உன் கடிதத்தைச் சமையலறையில் நின்றபடியே படித்தேன். படித்து முடித்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அந்த முடிச்சைப் போட்டது என் கை. பாறையைக் கட்டிப்பிடித்தாய் என்ற இடத்தை என்னால் இரண்டாம் முறை படிக்க முடியவில்லை.

மூன்று நாள் யோசித்தேன். அந்தப் பிள்ளை உன்னைச் சுமந்தது போதாதா? நம்முடைய பொய்யையும் அவன் ஏன் காலமெல்லாம் சுமக்க வேண்டும்? ஒவ்வொரு பண்டிகைக்கும் என் எதிரில் உட்கார்ந்து, தன் பெரியம்மா முகத்தைப் பார்க்காமல் சாப்பிட வேண்டுமா?

நேற்றுப் போனேன். தே-சிக்கின் அம்மா முற்றத்தில் முள்ளங்கி நறுக்கிக்கொண்டிருந்தார். தே-சிக்கும் இருந்தார். என் தம்பிக்குச் சின்ன வயசிலிருந்தே வலிப்பு உண்டு, அப்பா சொன்னது பொய், நானும் சும்மா நின்றேன் என்று சொன்னேன். கத்தி பலகையிலேயே நின்றுவிட்டது. கையைத் துடைத்துக்கொண்டு, "நாங்க ஜெபிச்சுட்டுச் சொல்றோம்மா" என்றார். சபைக்காரர்கள் அப்படிச் சொன்னால் என்ன பொருள் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தே-சிக் பேருந்து நிறுத்தம் வரை வந்தார். பேருந்து கிளம்பும்வரை நின்றார் என்பதை மட்டும் எழுதுகிறேன், நீ அதை வைத்துக் கோட்டை கட்டாதே.

அப்பா என்னோடு பேசுவதில்லை. சோற்றை வைத்தால் சாப்பிடுகிறார்.

பயம் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். அழைப்பு மணி அடித்தால், பதில் சொல்ல வந்துவிட்டார்களோ என்று கதவிடுக்கில் பார்க்கிறேன். ஆனால் நேற்று இரவு நன்றாகத் தூங்கினேன், அதுதான் எனக்கே ஆச்சரியம். மாத்திரையை இனிமேல் சட்டைப் பையில் வை. கூட நடக்கிறவர்களிடமும் கொஞ்சம் கொடுத்து வை. வசந்தத்தில் மறுபடி போவீர்களாமே, என் பெயரையும் சீட்டில் எழுதிப் போடச் சொல். என் கால் தாங்கும்.

இன்-ஹோவுக்குத் தனியாக நெத்திலி வைத்திருக்கிறேன். அவன் இனி யாரிடமும் எதையும் மறைக்க வேண்டியதில்லை என்று சொல்லி அதைக் கொடு. பொட்டலத்தில் புது அரிசியும் இருக்கிறது. சொங்-ஐயையும் கூப்பிட்டு வடித்துப் போடு. அவளையே களையச் சொல். உள்ளே அரிசியைத் தவிர ஒன்றும் இல்லை.

உன் அக்கா
ஓக்-புன்