உன்னைக் கேட்டார்கள், நான் பதில் சொன்னேன்

பாசமுள்ள பேச்சியக்காவுக்கு,

நீ போய் இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது. உன்னைத் தெரிந்தவர்கள் எல்லாரும் படிக்கட்டும் என்றுதான் இதை வெளிப்படையாக எழுதுகிறேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது.

மச்சான் இறந்தபின், ஏலக்காய்த் தோட்டத்தில் செடிக்கு முன்னால் சும்மாவே உட்கார்ந்திருந்தாய். ஒரு காய் பறிக்கவில்லை. என் ஜீப்பில் உன்னோடு மலைக்கு வேலைக்கு வரும் பெண்கள் சொல்லித்தான், போடியில் அந்த மனநல ஆலோசகரிடம் கூட்டிப்போனேன். நீ சொன்ன நாலு வார்த்தையையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு அந்தம்மா சொன்னார்: "வாரா வாரம் வந்து பேசலாம். மாத்திரை வேணுமான்னு டாக்டர்கிட்டயும் கேக்கலாம். ரெண்டுலயும் உள்ள நல்லது கெட்டதச் சொல்லிட்டேன். உங்களுக்கு எது தோதுப்படும்? சேந்து முடிவு பண்ணுவோம்."

நீ யோசித்தாய். வாயைத் திறக்கப்போன நேரத்தில் நான் முந்திக்கொண்டேன். "அதுகிட்ட என்னம்மா கேக்குறீங்க? நீங்க படிச்சவுக, நீங்களே சொல்லுங்க."

திரும்பும்போது நீ சொன்னாய்: "அப்பு, என்னையக் கேட்டாகல்ல, எனக்குப் புடிச்சிருந்துச்சுடா. அடுத்த ஞாயித்துக்கெழமையும் போவமா?"

நான் சிரித்தேன். "வைத்தியம் தெரிஞ்சவுக நம்மகிட்டயாக்கா கேப்பாக?"

குறி சொல்பவர் யாரும் நம்மை ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்காமலே சொல்பவர்தான் விவரமானவர் என்று நம்பியவன் நான். மறுவாரம் அப்படி ஒருவரிடம்தான் உன்னை இழுத்துப்போனேன். அவரே எல்லாம் சொன்னார், கையில் கயிறு கட்டினார். எனக்குத் திருப்தி. உனக்கு எப்படி இருந்தது அக்கா?

அடுத்த மழையில் காய்ச்சல் வந்து நீ போய்ச் சேர்ந்தாய். காய்ச்சலுக்கு நான் என்ன செய்ய முடியும் என்கிறார்கள். இருக்கட்டும். அதற்கு முன்னால் அத்தனை மாதம் நீ யாரிடமும் வாய் திறக்காமல் கிடந்ததற்கு நான்தான் காரணம்.

உன் மகள் செல்வி கல்லூரிக்குப் போகிறாள். கொஞ்ச நாளாக அவளுக்குச் சோறு இறங்கவில்லை. அதே ஆலோசகரிடம் போகவேண்டும் என்று அவளே கேட்டாள். போன வாரம் கூட்டிப்போனேன். அந்தம்மா அவளிடமும் எது தோதுப்படும் என்றுதான் கேட்டார். என் வாய் சும்மா இருந்ததா? "வாரா வாரமெல்லாம்..." என்று ஆரம்பித்துவிட்டேன்.

"மாமா, செத்த வெளிய இருங்க," என்றாள் செல்வி.

வெளியே வந்து நின்றேன். அவள் பேசும் சத்தம் மட்டும் கதவு வழியாக வந்தது. வெகுநேரம் பேசினாள். அன்றைக்கு நான் எழுந்து வெளியே போயிருந்தால் நீயும் பேசியிருப்பாய்.

அவள் சொல்லும் கிழமைக்கு வண்டி எடுப்பேன். உள்ளே என்ன முடிவானது என்று அவளாகச் சொல்லாமல் கேட்க மாட்டேன். இது உனக்குக் கொடுக்கும் வாக்கு.

உன் வாயை அடைத்த
தம்பி