கைக்குள் அடங்கிய மைக்

சேலம்,
18.2.1988

மதிப்புக்குரிய சகோதரி மரியசெல்விக்கு,

லூர்துராஜ் எழுதுவது. சென்ற வாரம் உங்கள் கோயில் திருவிழாவில் எங்கள் மெல்லிசைக் குழு பாடியபோது, மேடை ஓரத்தில் மவுத் ஆர்கன் வாசித்தவன். நான் சோளக்கதிர் கடித்துக்கொண்டிருந்ததாகத்தான் ஜனங்கள் நினைத்திருப்பார்கள். சத்தம் அவ்வளவுதான் வெளியே போனது. மைக் செட்காரரான நீங்கள் மட்டும் எழுந்து வந்து, பக்கத்தில் நின்று கேட்டீர்கள். "ஏனுங்க, இத்தனை நல்லா வாசிச்சு என்னத்துக்குங்க? இந்த மைக்கு பாடறவங்களுக்குங்க" என்றீர்கள். அன்றிலிருந்து அதே யோசனை.

குழுத் தலைவர் அங்கப்பன் அண்ணன் கீபோர்டு வாங்கிவிட்டார். ஒரு பட்டனை அமுக்கினால் மவுத் ஆர்கன் சத்தம் வருகிறது. "மே மாசம் ஏற்காட்டுக் கோடை விழாவுல நீ வாசிக்கறது கேக்கலீன்னா, அப்பறம் வர வேண்டாம் கண்ணு" என்று சொல்லிவிட்டார். இந்த வாத்தியத்தை விட்டால் எனக்கு வேறொன்றும் தெரியாது. எந்த மைக் வாங்கட்டும்?

இப்படிக்கு,
சகோதரன் லூர்துராஜ்


ஏற்காடு,
2.3.1988

அன்புள்ள லூர்துராஜ் அவர்களுக்கு,

நலம். உங்கள் கடிதம் பார்த்ததும் பக்கத்து வீட்டுக் குழந்தையின் மவுத் ஆர்கனைக் கடன் வாங்கி, கடையில் உள்ள எல்லா மைக்கிலும் ஊதிப் பார்த்தேன். பூக்கடை வேலம்மாள் அக்கா காதைப் பொத்திக்கொண்டு ஓடினாள்.

பாட்டுக்காரர்களின் பளபள மைக் உங்களுக்கு வேண்டாம். அதை ஸ்டாண்டில் வைத்தால், நீங்கள் கையை மூடித் திறந்து ஒலியில் கொண்டுவருகிற நடுக்கம் காற்றோடு போய்விடும். அப்பா காலத்து உருண்டை மைக் ஒன்று இருக்கிறது. காணாமற்போன பிள்ளைகளை அறிவிக்க வைத்திருந்தது. பேசினால் சளி பிடித்த குரலில் வரும். எந்தப் பாடகரும் தொடமாட்டார். ஆனால் மவுத் ஆர்கனோடு சேர்த்துக் கைக்குள் இறுக்கிப் பிடித்தால், அப்பப்பா! என் ஊதலே நன்றாக இருந்தது என்றால் பாருங்களேன்.

கண்டக்டர் பொன்னுவேல் அண்ணனிடம் கொடுத்தனுப்புகிறேன். வாங்க வேண்டாம், வைத்துக்கொள்ளுங்கள். ஸ்பீக்கருக்கு எதிரே நின்று கையைத் திறக்காதீர்கள், ஊளையிடும்.

அன்புடன்,
மரியசெல்வி


சேலம்,
24.5.1988

அன்புள்ள சகோதரிக்கு,

கோடை விழா முடிந்து ஜீப்பில் மலையிறங்கினோம். அடிவாரத்தில் அங்கப்பன் அண்ணன் சொன்னார்: "நொம்ப நாளா உன்னை வீணடிச்சுட்டேன் சாமி." ஏரியில் துடுப்புப் போட்டவர்கள்கூட நிறுத்திக் கேட்டார்களாமே! எல்லாப் புகழும் உங்கள் மைக்குக்கு. அதற்கு என் அம்மா வெல்வெட்டில் பை தைத்திருக்கிறாள்.

நன்றியுடன்,
லூர்துராஜ்


சேலம்,
9.6.1988

அன்புள்ள மரியசெல்விக்கு,

'சகோதரி' என்று தொடங்கி இரண்டு தாளைக் கிழித்துவிட்டேன்.

ஆத்தூரில் ஒரு கல்யாணம். வேறு ஆள் மைக் செட். அதே உருண்டை மைக், அதே பாட்டு, அதே நான். மூன்று தடவை ஊளையிட்டது. மிச்ச நேரம் தகர டப்பாவை இழுத்த மாதிரி இருந்தது. மாப்பிள்ளையே சிரித்துவிட்டார். அங்கப்பன் அண்ணன் மறுபடி கீபோர்டைத் துடைக்கிறார்.

நான் மடையன். மைக்கைப் புகழ்ந்து பை தைக்க வைத்தேன். கோடை விழாவில் மைக் செட் உங்களுடையது; நான் கையைத் திறக்கும் முன்பே நீங்கள் வால்யூமைக் குறைத்திருக்கிறீர்கள். நான் மூச்சு இழுக்கும் இடமெல்லாம் உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. மைக்கில் பாதியும் நீங்கள், வாசிப்பில் பாதியும் நீங்கள்.

இனி எல்லாக் கச்சேரிக்கும் உங்கள் செட்தான் என்று அண்ணன் ஒப்புக்கொண்டார். ஆனால் நான் கேட்க வந்தது அதை மட்டும் அல்ல. மற்றதை எழுதத் தைரியம் இல்லை. உங்கள் அம்மாவிடம் நேரில் வந்து பேசலாமா?

லூர்துராஜ்


ஏற்காடு,
17.6.1988

அன்புள்ள லூர்துராஜுக்கு,

நீங்கள் கிழித்தது நல்லது. எனக்கு ஏற்கெனவே மூன்று அண்ணன்கள்.

அப்பா போன பிறகு மேடைக்குக் கீழே நான்தான் உட்காருகிறேன். சத்தம் கெட்டால் என்னைத் திட்டுவார்கள். நன்றாக இருந்தால் அது பாடியவரின் குரல். இத்தனை வருஷத்தில் என் கை அங்கே இருந்ததைக் கேட்டவர் நீங்கள் ஒருவர்தான். உங்கள் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "பையன் நல்லாத்தான் எழுதறான். நல்லா வாசிப்பானா சாமி? அன்னைக்குக் கோயில் திருவிழாவுல எனக்குக் கேக்கவே இல்லையே" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் வாருங்கள். மவுத் ஆர்கன் மட்டும் எடுத்து வந்தால் போதும். எங்கள் வீடு சின்னது, மைக் வேண்டாம்.

மரியசெல்வி