ஏழாவது ஆய்வின் அடிக்குறிப்பு

மார்ச் 3, செவ்வாய்

ஆய்விதழிலிருந்து கடிதம். கட்டுரையை ஏற்கிறார்களாம், அதற்கு முன் நாங்கள் எண்களை எடுத்து நிரப்பிய அட்டவணைகள் வேண்டுமாம். ஒரு தூக்க மாத்திரை பற்றி வெவ்வேறு ஊர்களில் நடந்த ஒன்பது ஆய்வுகளைச் சேர்த்து ஒரே முடிவாக்கிய வேலை. ஒன்றரை வருடம். அனுப்பிவிட்டால் விட்டது தொல்லை.

அக்கா போன் செய்தாள். "அந்த மாத்திரைய டாக்டர் எழுதினப்போ நான் தயங்கினேன், நீதான் தைரியமா சாப்பிடுன்ன. நாலு மாசமாச்சு. மூணு மணிக்கே முழிச்சுக்கிறேன்டி." ஒன்பது ஆய்வு சொல்வது பொய்யா என்று கேட்டேன். "நான் பத்தாவதுன்னு வெச்சுக்கோ" என்றாள். சிரித்துவிட்டு வைத்துவிட்டேன்.

மார்ச் 4, புதன்

ஏழாவது ஆய்வு, இருப்பதிலேயே பெரியது. மற்ற எட்டிலும் தூக்கத்துக்குப் போடும் மதிப்பெண் கூடினால் தூக்கம் மோசம். இதில் மட்டும் கூடினால் நல்ல தூக்கம். அடிக்குறிப்பில் பொடி எழுத்தில் போட்டிருக்கிறார்கள். திருப்பிப் போட வேண்டிய எண்ணை அப்படியே ஏற்றியிருக்கிறேன். நானேதான்!

ஆனால் இதைப் பிடிக்கத்தானே இரண்டு பேர்? ஒரே கட்டுரையை இருவர் தனித்தனியாகப் படித்து, ஒருவர் அட்டவணையை மற்றவர் பார்க்காமல் நிரப்பி, கடைசியில்தான் ஒப்பிட வேண்டும். அந்த இரண்டாவது ஆளான பக்கத்து மேசைக்காரரின் அட்டவணையைத் திறந்தேன். அதே தப்பு. சரி, அவரும் கவனிக்காமல் விட்டிருக்கலாம். ஐந்தாவது வரிசைக்கு வந்தேன். "டீ குடித்துவிட்டு மறுபடி பார்க்க" என்று இருக்கிறது. அது நான் எனக்கே எழுதிவைத்த குறிப்பு! அந்த மனிதர் டீயே குடிக்க மாட்டார்.

ஈயடிச்சான் காப்பி. கட்டுரையில் "இருவருக்கும் இடையே முழு உடன்பாடு" என்று பெருமை வேறு.

எண்ணைத் திருப்பிப் போட்டுக் கணக்கிட்டேன். மாத்திரையால் பலன் இல்லை.

மார்ச் 5, வியாழன்

பக்கத்து மேசைக்காரரிடமே கேட்டேன். "நீங்க செஞ்சா தப்பே இருக்காதுன்னு ஒரு நம்பிக்கைங்க" என்கிறார். நம்பிக்கையாம்! பல்லைக் கடித்துக்கொண்டு வந்துவிட்டேன். இனி அவர் பெயர் ஜெராக்ஸ்.

எங்கள் குழுவை நடத்தும் பேராசிரியர் கதவைச் சாத்திவிட்டுப் பேசினார். "அந்த ஒரு ஆய்வையே தூக்கிடும்மா. அளவுகோல் வேறன்னு ஒரு வரி எழுதிக்கலாம்." தூக்கினால் பலன் திரும்ப வந்துவிடும், அவருக்கும் தெரியும்.

"நேத்து வரைக்கும் அது வேறயா இல்லையே சார்?"

"கட்டுரையில உன் பேருதான் முதல்ல இருக்கு. நல்லா யோசிச்சுக்கோ."

மிரட்டலை எவ்வளவு அக்கறையாகச் சொல்கிறார்! யார் மேல் இந்தக் கோபம் — இவர்கள் மேலா, அடிக்குறிப்பைப் படிக்காத என் மேலா?

மார்ச் 6, வெள்ளி

யோசித்தேன். இதில் யோசிக்க என்ன இழவு இருக்கிறது?

மார்ச் 9, திங்கள்

இதழுக்கு எழுதிவிட்டேன். தப்பு என்னுடையது, இரண்டாவது அட்டவணை முதலாவதன் நகல், கட்டுரையை வெளியிட வேண்டாம். இரண்டு அட்டவணைகளையும் இணைத்தேன். மதியம் பார்த்தால் அடுத்த ஆய்வுக் குழுவின் பட்டியலில் என் பெயர் இல்லை. ஜெராக்ஸ் பெயர் இருக்கிறது. நன்றாக இருக்கட்டும்.

மார்ச் 15, ஞாயிறு

அக்கா வீட்டுக்குப் போனேன். அடிக்குறிப்பு, ஜெராக்ஸ், பேராசிரியர், கடிதம் — ஒன்று விடாமல் கொட்டித் தீர்த்தேன். அக்கா ஒன்றுதான் கேட்டாள்.

"இது உனக்கு என்னிக்குத் தெரியும்?"

"நாலாம் தேதி."

விரல்விட்டு எண்ணினாள். "நேத்து ராத்திரியோட பதினொண்ணு முழுங்கியிருக்கேன்."

சத்தம் போடவில்லை. போட்டிருக்கலாம். மாத்திரையை எப்படி நிறுத்துவது என்று கேட்க அவள் டாக்டருக்கு நான் போன் போட்டேன். என் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டு உள்ளே போய்த் தானே பேசினாள்.

இத்தனை நாளும் எல்லோர் மேலும் எரிந்து விழுந்தேன். அக்காவிடம் சொல்ல வேண்டும் என்று ஒரு தடவைகூட எனக்குத் தோன்றவில்லை.