பாயிண்ட் எட்டுத் தகடு

போன ஞாயிற்றுக்கிழமை காலை உன் மனைவி கஸ்தூரி உன் கம்ப்யூட்டர் கேபினட்டை ஷேர் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்து என் வீட்டு வாசலில் இறக்கினாள். நீ போய்ச் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது. "பழைய இரும்புக்காரன் கேட்டான்ணா. அவரு ஆசையா வாங்கினது, தூக்கிக் குடுக்க மனசு வரல. நீங்க தொறந்து பாத்து, உள்ள எதுனா உருப்படியா கீதான்னு சொல்லுங்க" என்றாள். பார்க்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன். அவள் தெருமுனை தாண்டியதும் பக்கத் தகட்டைக் கழற்றினேன். ஐந்து வருஷமாக மூடிக்கிடந்த பெட்டிக்குள்ளிருந்து கருகிய நாற்றம் இன்னும் வந்தது.

நாற்றம் கூடப் பரவாயில்லை. என்னை எரிச்சல்படுத்தியது அந்தத் தகடுதான். ஒரு துரு இல்லை, ஒரு நெளிவு இல்லை. ஓரமெல்லாம் மடித்து அடித்தது. விரலை எங்கே வைத்து இழுத்தாலும் கீறாது. இன்றைக்கு என் மேஜைக்கு வந்தாலும் சரி என்று கையெழுத்துப் போட்டு உள்ளே அனுப்பிவிடுவேன். இவ்வளவு நல்ல தகட்டை இவ்வளவு மட்டமான புத்தியோடு தேர்ந்தெடுத்த மேதாவி நான்தான். அந்தக் கதையில் பாதி உனக்குத் தெரியும். மீதிப் பாதியைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அப்போது நான் சங்கரன்கோவில் பக்கமிருந்து வந்து, பென்னலூரில் உங்கள் வீட்டுப் பின்பக்க அறையில் வாடகைக்கு இருந்தேன். இரண்டு பேருக்கும் ஒரே கம்பெனி. கார்களுக்குத் தகட்டுச் சாமான் அடித்துக் கொடுக்கிற பிரஸ் ஷாப். நீ மிஷினில் நின்று அடிப்பாய். நான் குவாலிட்டியில் உட்கார்ந்து, நீ அடித்ததைத் தள்ளுபடி செய்வேன். "உனுக்கு இன்னாதான்டா புடிக்கும்?" என்று கேட்பாய். எதுவும் பிடிக்காமல் இருப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். சாப்பாட்டுக் கடையில் தட்டு வந்தால்கூட விளிம்பைத் தடவிப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளிப்பவன் நான். அதை ஒரு கெட்டிக்காரத்தனம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நீயும் அப்படியே நினைத்தாய், அதுதான் வினை.

நீ அந்த மிஷினை விட்டு வெளியே போகத் தவித்துக்கொண்டிருந்தாய். தகடு அடிக்கிறவனாக இல்லாமல், அடிக்கிற அச்சை வரைகிறவனாக வேண்டும் என்று ஞாயிறு ஞாயிறாக ஸ்ரீபெரும்புதூர் கம்ப்யூட்டர் சென்டருக்குப் போய்ப் படித்தாய். மறைமலை நகரில் அச்சு செய்கிற ஒரு டூல் ரூமில் ஆள் எடுத்தார்கள். சர்டிபிகேட்டெல்லாம் பிறகு பார்க்கலாம், இந்த பிராக்கெட்டை அடிக்க ஒரு முழு டூலை நீயே வரைந்து கொண்டுவா என்று மாதிரி ஒன்றைக் கையில் கொடுத்து அனுப்பினார்கள். அதற்கு வீட்டிலேயே ஒரு கம்ப்யூட்டர் வேண்டும். சாமான் சாமானாக வாங்கி நாமே பூட்டுவது என்று முடிவு செய்தோம்.

போர்டு, டிஸ்க், மெமரி எல்லாவற்றையும் நீ விசாரித்து வாங்கி முடித்திருந்தாய். கேபினட்டை மட்டும் எனக்கு விட்டுவைத்தாய். "தகடு உன் டிபார்ட்மென்ட்டு, நீயே பாரு" என்றாய். அந்த மரியாதை எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது.

ஒரு சனிக்கிழமை முதல் ஷிப்ட் முடிந்து தாம்பரம் போனோம். தகட்டின் கனம் அளக்கிற கம்பெனி மைக்ரோமீட்டர் என் டிபன் பாக்ஸுக்குள் கைக்குட்டையில் சுற்றி இருந்தது. கேட்டில் செக்யூரிட்டி பையைத் தடவியபோது, "மிச்ச சாதம்ணே" என்றேன். கம்ப்யூட்டர் டப்பா வாங்க மைக்ரோமீட்டர் திருடிக்கொண்டு போன ஜோடி இந்தத் தமிழ்நாட்டில் நாம் மட்டும்தான் இருந்திருப்போம். வழியெல்லாம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

அந்தக் கடையில் கல்லாவுக்கும் ஸ்க்ரூ டிரைவருக்கும் ஒரே ஆள்தான், முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா. மூன்று ரகம் எடுத்து வைத்தார். மலிவானதைத் தொட்டதும் கீழே வைத்தேன். பக்கத் தகடு கையில் படபடவென்று ஆடியது. பின்புறம் கார்டு சொருகும் இடத்தில் வெட்டின ஓரம் பிளேடாக நின்றது. "இத அடிச்சவன் டூலத் தீட்டி வருசமாயிருக்கும்" என்றேன். நீ சிரித்தாய். உயர்ந்த ரகம் நமக்கு எட்டாது. நடுத்தர விலையில் இரண்டு மாடல் இருந்தன: ஒன்று முன்பக்கம் நீலக் கதவு வைத்து மினுக்கியது, மற்றது வெறும் சாம்பல் நிறம். என் வித்தையையெல்லாம் அங்கேதான் இறக்கினேன்.

நீலத்தில் தகட்டின் கனம் பாயிண்ட் ஐந்து மில்லிமீட்டர். சாம்பலில் பாயிண்ட் எட்டு. பெயின்ட்டை நகத்தால் சுரண்டினேன். மூலைகளைக் கண்ணாடி மேஜைமேல் வைத்து ஆடுகிறதா என்று அழுத்தினேன். ரிவெட் எண்ணினேன். டிஸ்க் பூட்டும் துளைகள் நேராக நிற்கின்றனவா என்று ஒரு கண்ணை மூடிப் பார்த்தேன். நீலக் கதவைத் திறந்து மூடி, "இது கல்யாணத்துக்குப் போற டப்பா, வேலைக்கு ஆவாது" என்று தீர்ப்புச் சொன்னேன். அரைமணி நேரம் அந்த அம்மா பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு சொன்னார்: "சார், தகட்ட உட்டுட்டு சப்ளைய பாருங்க. அந்த கனமான டப்பாவோட வர்ற சப்ளை சரியில்ல, ரெண்டு திரும்பி வந்துகீது. லேசானத எடுத்துகினு, தனியா ஒரு நல்ல சப்ளை போட்டுக்குங்க. அதே ரேட்டுதான் ஆவும்."

சப்ளை என்பது கேபினட்டின் முதுகில் பூட்டி வருகிற பெட்டி. வீட்டுக் கரண்ட்டை வாங்கி, உள்ளே இருக்கிற எல்லாவற்றுக்கும் அளவாகப் பிரித்துக் கொடுப்பது அதுதான். அவர் சும்மா சொல்லவுமில்லை. இரண்டு சப்ளைகளை எடுத்து மேஜைமேல் வைத்து, "ரெண்டையும் தூக்கிப் பாருங்க, உங்களுக்கே தெரியும்" என்றார்.

நீ கை நீட்டினாய். நான் உன் கையைப் பிடித்து இழுத்தேன். "ஏலே, அது எலக்ட்ரிக்கல். நம்ம டிபார்ட்மென்ட் இல்ல" என்றேன். அப்புறம் குரலைத் தாழ்த்தாமலே, "தேங்குன சரக்க நம்ம தலையில கட்டப் பாக்கா" என்றும் சொன்னேன். அந்த அம்மா காதில் விழுந்தது. சப்ளைகளை எடுத்து உள்ளே வைத்துவிட்டு, சாம்பல் நிறத்துக்குப் பில் போட்டார்.

நம் கம்பெனியில் அப்படித்தானே பழக்கினார்கள். என் செக்கிங் கார்டில் தகட்டின் கனம், துளை, ஓரப் பிசிறு என்று எழுதியிருக்கும். அதை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். அந்தச் சாமான் போய்ச் சேருகிற கார் ஓடுமா, கவிழுமா என்பது என் கார்டில் இல்லை. கார்டில் இல்லாதது உலகத்திலேயே இல்லை என்று நம்பி நான்கு வருஷம் சம்பளம் வாங்கியவன், கடைக்குப் போனால் மட்டும் மாறிவிடுவானா?

திரும்பும் பஸ்ஸில் கேபினட்டை உன் மடியில் வைத்துக் கட்டிப் பிடித்துக்கொண்டு வந்தாய். சேரப்பணஞ்சேரி தாண்டும்போது கண்டக்டர், "இன்னாது, டிவியா?" என்று கேட்டார். "கம்ப்யூட்டர் டப்பாண்ணா. பாயிண்ட் எட்டுத் தகடு" என்றாய். அவர் உன்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு லக்கேஜ் டிக்கெட் கிழித்தார்.

ஒன்றரை மாதம் வரைந்தாய். ஷிப்ட் விட்டு வந்ததும் அதன் முன்னால் உட்கார்ந்தால் கஸ்தூரி சாப்பிடக் கூப்பிட்டாலும் எழுந்திருக்க மாட்டாய். எட்டிப் பார்த்தால் திரையை மறைப்பாய். "முடிச்சிட்டு காட்றன்டா. நடுவுல காட்டினா நீ எதுனா நொட்ட சொல்லுவ, அப்புறம் எனுக்கு கை ஓடாது" என்றாய். ஃப்ளாப்பியில் ஏற்றிப் பார்த்தாய், கொள்ளவில்லை. திங்கட்கிழமை மறைமலை நகருக்கு டிஸ்க்கையே கழற்றிக்கொண்டு போய்விடலாம் என்று இருந்தாய்.

அதற்கு முந்தின சனிக்கிழமை காலை என் அறைக் கதவைத் தட்டினாய். டப்பென்று ஒரு சத்தம் வந்து புகை கிளம்பியதாகச் சொன்னாய். நான் வந்து திறந்தேன். சப்ளையைக் கையில் எடுத்த கணமே எனக்குத் தெரிந்துவிட்டது, காலி டிபன் பாக்ஸ் கனம்தான் இருந்தது. அதன் மூடியைக் கழற்றினால் பாதி இடம் வெறுமை. செய்தவன் வைக்க வேண்டியதை வைக்காமலே மூடியிருந்தான். வைத்திருந்த கொஞ்சமும் கருகிக் கிடந்தது. நீ பார்ப்பதற்குள் மூடிவிட்டேன்.

"இன்னாடா ஆச்சு? அந்தம்மா சொன்னதுதானா?"

"இல்லல. கரண்ட் ஏறி எறங்கியிருக்கு. டப்பால தப்பு ஒண்ணும் இல்ல."

"டிஸ்க்காச்சும் பொழச்சிருக்குமா? இப்பவே எட்த்துகினு தாம்பரம் போயி அந்தம்மாகிட்ட காட்லாமாடா? இன்னிக்கு போனா திங்கக்கெழமைக்குள்ள..."

"அவகிட்டயா? அவளுக்கு என்னல தெரியும். எல்லாம் சேந்து கருகிட்டு. போனா அலைச்சல்தான்."

டிஸ்க் கருகியதா என்று எனக்குத் தெரியாது. நான் பார்க்கவே இல்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம், அந்த அம்மா சப்ளையைத் திறந்தால் என்னை ஏறிட்டுப் பார்ப்பார் என்பதுதான். அந்த ஒரு பார்வையிலிருந்து தப்பிக்க, உன் ஒன்றரை மாதத்தைக் கருகிவிட்டது என்று சொன்னேன். அருவருப்பாக இருக்கிறது. எத்தனை பேருடைய சாமானை அற்பக் கீறலுக்காகத் தள்ளியிருக்கிறேன். அன்றைக்கு என்னைத் தள்ள ஓர் ஆள் இல்லை.

நீ நம்பினாய். நான் கருகிவிட்டது என்றால் உனக்குக் கருகியதுதான். "வுடு, நமக்கு குடுத்து வெக்கல" என்று சொல்லி, மின்சார ஆபீசை இரண்டு வசவு வைதுவிட்டு, பெட்டியைப் பூட்டித் துணி போட்டு மூடினாய். திங்கட்கிழமை முதல் ஷிப்டுக்கு வந்து மிஷினில் நின்றாய்.

இரண்டு வருஷம் கழித்து அதே மிஷினில் உன் இடது கையில் இரண்டு விரல் போயிற்று. ஆஸ்பத்திரியில் நான்தான் பக்கத்தில் இருந்தேன். எவ்வளவு நல்லவன் பார். அப்புறம் குடித்தாய். அப்புறம் காமாலை. ஊரில் எல்லோரும் குடிதான் காரணம் என்கிறார்கள். கூட்டத்தில் நின்று நானும் தலையாட்டினேன்.

இப்போது நான் குவாலிட்டியில் சீனியர். சின்னப் பயல்கள் கண்ணாடிப் பக்கம் வைத்து, உள்ளே கலர் விளக்கு எரிகிற கேபினட்டைக் காட்டி, எப்படி சார் என்று கேட்கிறார்கள். எல்லாம் தகர டப்பா என்று வாய் தானாகச் சொல்கிறது. இத்தனைக்குப் பிறகும் அந்த வாய் அடங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை உன் டிஸ்க்கைக் கழற்றி என் கம்ப்யூட்டரில் மாட்டினேன். சுற்றியது. கொஞ்ச நேரத்தில் திரையில் வந்தது. உன் ஊர்ப் பெயரில் ஒரு ஃபோல்டர், அதற்குள் அந்த டூல், முழுசாக. கடைசியாக நீ சேமித்தது அந்த வெள்ளிக்கிழமை.

பழக்க தோஷம், நொட்டை தேடத்தான் உட்கார்ந்தேன். மத்தியானம் வரை தேடினேன். ஒவ்வொரு அளவாக, அதே ஃபோல்டரில் நீ வரைந்து வைத்திருந்த பிராக்கெட்டோடு ஒத்துப் பார்த்தேன். தகடு நகராமல் நிற்க ஓரிடத்தில் கூடுதலாக ஒரு துளை கொடுத்திருந்தாய்; அது எனக்குத் தோன்றியிருக்காது. ஒரு தப்பும் இல்லை. மறைமலை நகர்க்காரர்கள் உன்னை அன்றைக்கே உட்காரவைத்திருப்பார்கள்.

சாயங்காலம் கஸ்தூரி போன் செய்தாள். "பாத்தீங்களாண்ணா? உள்ள எதுனா கீதா?"

அவள் கேட்டது உருப்படியான சாமான் எதுவும் இருக்கிறதா என்றுதான். அவளுக்கு வேறு என்ன தெரியும்? நீ வரைந்தது பத்திரமாக இருக்கிறது என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன்.

"ஒண்ணும் இல்லம்மா. எல்லாம் கருகிட்டு. இரும்புக்காரனுக்கே போட்டுரு."

"சரிண்ணா" என்று வைத்துவிட்டாள்.

டிஸ்க் என் மேஜை இழுப்பறையில் இருக்கிறது. அது நன்றாக இருக்கிறது என்று அவளிடம் சொல்லியிருந்தால், அன்றைக்கே ஏன் பார்க்கவில்லை என்று அவள் கேட்டிருப்பாள். உன்னிடம் சொல்லிவிட்டேன். நீ கேட்க மாட்டாய் என்று தெரிந்துதான் சொன்னேன்.